கண்மாயில் ஒரு நாள், சாங்தாங்கில் சில நாள்: காரைக்குடியின் பயணத் திட்டச் சேவை ஒன்றைப் பற்றி

காரைக்குடியில் பழைய வீடு ஒன்றின் முகப்பில் இரண்டு மேசைகளையும் ஒரு பெரிய நிலப்படத்தையும் வைத்துக்கொண்டு, நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனங்களில் லடாக் செல்ல விரும்புவோருக்குத் திட்டம் வகுத்துத் தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ராணுவத்தின் வாகனப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி, அதில் பல ஆண்டுகளை லடாக்கிலேயே கழித்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சென்ற ஆகஸ்டு மாதம் பணம் கட்டித் திட்டம் வாங்கி, செப்டம்பரில் இரண்டு வண்டிகளில் நான்கு பேராகப் புறப்பட்டு, அக்டோபர் முதல் வாரத்தில் வீடு திரும்பினோம். ஒரே மனிதர் நடத்தும் சிறு தொழில் என்பதாலும், நிறைகளோடு குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதாலும் அவர் பெயரையும் தெருவையும் தவிர்க்கிறேன். இத்துறையில் ஆர்வம் உள்ளவர்கள் ஊரில் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள்.

கட்டணம் இரண்டு வண்டிகளுக்கும் சேர்த்து 18,000 ரூபாய். ஒரு நாள் ஓட்டுநர் பயிற்சிக்குத் தனியாக 2,500. வண்டிக்குத் தேவையான உதிரிப் பொருட்களின் விலை நம்முடையது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் தகவலுக்கு இவ்வளவு ஏன் என்று என் பங்காளி முதல் நாளே கேட்டார். கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூடத் தேறாத ஊரில் உட்கார்ந்துகொண்டு 5,000 மீட்டர் உயரத்துக்குத் திட்டம் போடுவதா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. அந்த ஐயம் எங்கே தீர்ந்தது, எங்கே தீரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வண்டிகளில் ஒன்று நான் ஓட்டும் மஹிந்திராவின் டீசல் தார். மற்றொன்று என் தங்கையும் அவள் கணவரும் வந்த மாருதியின் பெட்ரோல் ஜிம்னி. இரண்டிலும் வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் தாழ்விகிதக் கியர் உண்டு. செல்ல விரும்பிய இடம் லடாக்கின் கிழக்கே உள்ள சாங்தாங் மேட்டுநிலம். குறிப்பாக ஹான்லேவும், அங்கிருந்து உம்லிங் லா கணவாயும். உம்லிங் லாவின் உயரம் 19,024 அடி. எல்லைச் சாலை அமைப்பு அங்கே அமைத்த சாலைக்கு 2021இல் கின்னஸ் சான்று கிடைத்தது. அந்த எண்ணைச் சொல்லித்தான் நாங்கள் பேச்சைத் தொடங்கினோம். பெரியவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. "தம்பி, எவ்வளவு உயரம் ஏறப்போறீங்கன்னு அப்புறம் பாக்கலாம், எங்கெங்க படுக்கப்போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்றார்.

அவருடைய திட்டத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அவர் தரும் கையேட்டின் முதல் பக்கத்தில் தூரமோ சாலையோ இல்லை. ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரம் மட்டும் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் 2,676, லே ஏறத்தாழ 3,500, சிந்துநதிக் கரையில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள சுமதாங் ஏறத்தாழ 4,000, ஹான்லே ஏறத்தாழ 4,300. மூவாயிரம் மீட்டரைக் கடந்த பிறகு, படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட விதி. அந்த விதியைத்தான் அவர் ஒரு கணக்குப் பிள்ளையின் கண்டிப்போடு இந்தப் பட்டியலில் பொருத்தியிருக்கிறார். கார்கிலிலிருந்து லேவுக்கு ஒரே நாளில் எண்ணூறு மீட்டருக்கு மேல் ஏறத்தான் வேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாக லேயில் மூன்று இரவுகளை ஒதுக்கி, முதல் இரண்டு பகலும் வண்டிச் சாவியைத் தொடக் கூடாது என்று எழுதியிருந்தார். லேயிலிருந்து ஹான்லே ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்விடலாம், பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். இவரோ 140 கிலோமீட்டர் அளவில் சுமதாங்கில் நிறுத்தி ஓர் இரவு தங்க வைக்கிறார்.

மணாலி வழியாக ஏறி ஸ்ரீநகர் வழியாக இறங்குவதுதான் எங்கள் முதல் எண்ணம். 2,050 மீட்டரில் உள்ள மணாலியிலிருந்து புறப்படுபவர்கள் வழியில் தங்குவதற்குத் தேர்ந்தெடுக்கும் சார்ச்சு 4,290 மீட்டரில் இருக்கிறது. அதாவது, உடல் எதற்கும் பழகாத நிலையில், ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, அங்கேயே படுக்க வேண்டும். பெரியவர் எங்கள் வரைவை வாங்கி, சார்ச்சு என்ற பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வழியை முழுதாகத் திருப்பிவிட்டார். ஸ்ரீநகர் வழியாக ஏறி, உடல் பழகிய பிறகு மணாலி வழியாக இறங்குவது. இந்த ஒரு திருத்தத்துக்கே நான் கட்டிய பணம் சரியாகிவிட்டது என்பது என் கருத்து. இது இணையத்தில் கிடைக்காத செய்தி அன்று; ஆனால் இணையத்தில் எதிரான ஆலோசனையும் அதே அளவு கிடைக்கிறது, நமக்குப் பிடித்ததைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

மருந்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. "மருத்துவரைப் பாருங்கள், அவர் எழுதித் தந்ததன் நகலை என்னிடம் கொடுங்கள்" என்பது மட்டுமே. இதை நான் நிறையாகவே கருதுகிறேன். எங்கள் குடும்ப மருத்துவர் உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரை எழுதித் தருமுன் சல்ஃபா மருந்து ஒவ்வாமை உண்டா என்று நால்வரையும் தனித்தனியே கேட்டார். வாகனம் பழுதுபார்ப்பவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அன்று அது.

அடுத்தது வண்டிச் சோதனை. இதில் அவருடைய கை தேர்ந்தது. ஆனால் ஓரிடத்தில் கோட்டைவிட்டது. முதலில் தேர்ந்த பகுதியைச் சொல்கிறேன். நம் ஊரில் ரேடியேட்டரில் நீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போவது வழக்கம். இங்கே அதனால் பெரிய கேடு உடனே தெரியாது. இரவில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போகும் இடத்தில் அந்த நீர் உறைந்து விரிந்தால் எஞ்சினில் விரிசல் விழும். அவர் இரண்டு வண்டிகளிலும் இருந்ததை முழுவதுமாக வடித்து, உறைதடுப்புத் திரவமும் வாலைவடி நீரும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினார். கண்ணாடி துடைக்கும் நீர்த்தொட்டியைக்கூட விடவில்லை.

டயர் காற்றைப் பற்றி அவர் சொல்லித் தந்ததை வேறெங்கும் இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டயருக்குள் இருக்கும் காற்று அப்படியே இருந்தாலும், அளவுமானி கூடுதலாகக் காட்டும். கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்குப் போனால், வெப்பநிலை மாறாதிருந்தால், ஏறத்தாழ 7 பிஎஸ்ஐ கூடும். ஆனால் வெப்பநிலை மாறாமல் இருப்பதில்லை. காரைக்குடியின் 38 டிகிரி வெயிலில் 32 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், 5,000 மீட்டரில் 5 டிகிரிக் குளிரில் 34 அளவில்தான் காட்டும். உயரம் ஏற்றியதில் பெரும்பகுதியைக் குளிர் இறக்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு கணவாயிலும் இறங்கிக் காற்றைத் திறந்துவிடும் பழக்கம் வேண்டாம், விடியற்காலையில் வண்டி உருளுமுன் ஒரு முறை அளந்தால் போதும், மணலும் அலை அலையாக எழும்பிய கப்பிச் சாலையும் வரும்போது மட்டும் இறக்குங்கள் என்றார். கப்பிச் சாலையில் 24 வரை இறக்கினோம். பல்லைக் கிட்டவைத்த குலுக்கல் பாதியாகக் குறைந்தது. திரும்ப ஏற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசர் அந்த மெல்லிய காற்றை இழுத்து நிரப்ப, ஊரில் ஆகும் நேரத்தைவிட வெகு நேரம் எடுத்துக்கொண்டது.

கோட்டைவிட்ட இடம் பேட்டரி. என் வண்டியின் பேட்டரிக்கு நான்கு வயது. அதை அவர் சுமையேற்றிச் சோதிக்கவில்லை. முனைகளைத் துடைத்து வாசலின் தடவியதோடு சரி. குளிரில் ஈய-அமில பேட்டரியின் திறன் பெருமளவு குறையும் என்பதும், அதே குளிரில் கெட்டியான எண்ணெயைச் சுழற்ற எஞ்சின் கூடுதல் மின்னோட்டம் கேட்கும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. ஹான்லேயில் முதல் நாள் விடியற்காலை, வாளித் தண்ணீரில் பனித்தகடு மிதந்த நேரத்தில், என் வண்டி ஒரு முனகலோடு நின்றுபோனது. ஜிம்னியிலிருந்து கம்பி கொடுத்து உயிர்ப்பித்தோம். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரிலிருந்து செத்த பேட்டரியோடு இமயம் வரை வந்த பெருமை எனக்குத்தான் என்று பங்காளி திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டினார். திரும்பி வந்து பெரியவரிடம் சொன்னேன். மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். நான்கு வயதைக் கடந்த பேட்டரியை மாற்றாமல் யாரையும் அனுப்புவதில்லை என்று இப்போது விதி வைத்திருக்கிறாராம்.

எரிபொருள் கணக்கிலும் ஒரு குறை உண்டு. லேக்கு அடுத்துள்ள காரூவைக் கடந்தபின் எதையும் நம்பிப் போகாதீர்கள் என்பது சரியான அறிவுரை. ஹான்லே போய், உம்லிங் லா ஏறி இறங்கி, லே திரும்ப எழுநூறு கிலோமீட்டராவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் சரி. ஆனால் அவர் தந்த அட்டவணை முழுவதும் டீசல் வண்டிக்கானது. தாரின் தொட்டி 57 லிட்டர் கொள்ளும். ஜிம்னியின் தொட்டி 40 லிட்டர்தான். டர்போ இருக்கும் டீசல் எஞ்சின் மெல்லிய காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக்கொள்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினோ, காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காடாகிவிடும் 5,000 மீட்டரில், தன் திறனிலும் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டை இழந்து, தாழ்ந்த கியரிலேயே ஊர்கிறது. மைத்துனர் லேயில் உட்கார்ந்து, லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்துப் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. எழுநூறு கிலோமீட்டருக்கு எழுபது லிட்டர். தொட்டியில் நாற்பது போக முப்பது வேண்டும். உரிமம் இல்லாமல் பெட்ரோல் எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவும் முப்பது லிட்டர்தான். கணக்கு நூலிழையில் சரியாக வந்தது என்று மகிழ்வதா, பத்து லிட்டர்கூட மிச்சமில்லை என்று கவலைப்படுவதா என்று தெரியாமல் உலோகக் கேன்களில் நிரப்பி, விரிவதற்கு மேலே இடம் விட்டு மூடிக்கொண்டோம். பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இவரிடம் தங்கள் வண்டிக்கென்று தனி அட்டவணை கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்த இடம் கையேட்டின் பதினான்காம் பக்கம். "கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டியவை" என்ற தலைப்பின் கீழ், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைக்கருவி ஒன்றும் இருந்தது. வெளிநாட்டுப் பாலைவனப் பயணிகளின் பட்டியல் எதிலிருந்தோ அப்படியே எடுத்தது போலும். இந்தியாவில் அரசின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியையோ அத்தகைய செய்திக்கருவியையோ வைத்திருப்பது குற்றம்; எல்லைக்கு அருகே, சீனாவுடனான உண்மைக் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய நிலத்தில், அதோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பங்காளி அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பணம் கட்டப்போன நேரத்தில், துறைமுகத்தில் பணிபுரியும் உறவினர் ஒருவர் தற்செயலாகக் கேள்விப்பட்டுத் தடுத்தார். ராணுவத்தில் இருந்தவர் இதைத் தம் பட்டியலில் விட்டுவைத்தது எப்படி என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. அதற்குப் பதிலாக அவர் எழுதியிருக்க வேண்டியது வேறொன்று: தமிழ்நாட்டின் முன்கட்டணச் சிம் எதுவும் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, பின்கட்டண இணைப்பு வேண்டும் என்பது. கையேட்டில் அது எங்குமே இல்லை. மைத்துனருடைய தொலைபேசி ஜம்முவுக்குள் நுழைந்ததும் ஊமையானது. ஹான்லே போகும் வழியில் உள்ள நியோமாவைக் கடந்தால் எவருடைய தொலைபேசியையும் நம்ப முடியாது என்பது வேறு செய்தி. ஆகவே தங்கும் விடுதியில் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் பழைய முறைதான் அங்கே பாதுகாப்பு. அதை மட்டும் அவர் சரியாகவே எழுதியிருந்தார்.

குறைகளை இத்தோடு நிறுத்திக்கொண்டு பயிற்சி நாளுக்கு வருகிறேன். எனக்கு இன்றும் மனத்தில் நிறைந்திருப்பது அதுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக நம் பக்கத்துக் கண்மாய்கள் எப்படி இருக்கும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நடுவில் வெடித்த வண்டல், ஓரத்தில் சுவரைப்போல் ஏறும் செம்மண் கரை, வரத்துக்கால் வாயில் கணுக்கால் புதையும் மணல், ஆங்காங்கே சரளை. பாலைவன ஓட்டத்துக்குத் தேவையான எல்லா நிலமும் காரைக்குடியிலிருந்து அரை மணி தூரத்தில் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். கிடைக்காதது உயரம் மட்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் வண்டியில் ஏற விடாமல் நடக்க வைத்தார். எந்த இடத்தில் கால் புதைகிறதோ அந்த இடத்தில் சக்கரம் புதையும், நடந்து பார்க்காத தண்ணீரிலும் மணலிலும் வண்டியை விடாதே என்பது பாடம்.

நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு தேவகோட்டைச் சாலையில் பறப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நானும் அப்படி ஓட்டியவன்தான். எங்கள் இரண்டு வண்டிகளிலும் உள்ள அமைப்பு, முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் கட்டிவிடும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கிறது. மணலில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாததால் முறுக்கம் முழுவதும் கியர் அமைப்பில் ஏறி அதை உடைக்கும். இதை அவர் வாயால் சொல்லவில்லை. கரைமேல் இருந்த தார்ச்சாலையில் அந்த இயக்கத்தோடு வண்டியை முழுதாகத் திருப்பச் சொன்னார். வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திணறியது. பிறகு நானாகவே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இறக்கத்தில் தாழ்விகிதக் கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் எஞ்சினின் பிடியிலேயே இறங்குவது. ஏற்றத்தில் நின்றுபோனால் பின்கியரில் போட்டு, இறங்கும்போது கிளட்ச்சை அழுத்தாமல் நேர்கோட்டில் வருவது. புதைந்தால் முடுக்கியை மிதித்து மேலும் குழி பறிக்காமல் உடனே நிறுத்துவது. இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். வேண்டுமென்றே ஜிம்னியை மணலில் புதைத்து, எங்களையே எடுக்கச் சொன்னார். விலையுயர்ந்த மீட்புப் பலகைகள் வாங்க வேண்டுமா என்று கேட்டதற்கு, மண்வெட்டியையும் நான்கு கோணிச் சாக்குகளையும் எடுத்து வைத்தார். சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டி, சாக்கை நனைத்து விரித்து, டயர் காற்றைப் பாதியாக இறக்கினால், பலகை செய்யும் வேலையைச் சாக்கு செய்கிறது. என் தங்கை முதல் முயற்சியிலேயே வண்டியை வெளியே கொண்டுவந்தாள். நானும் பங்காளியும் மாறி மாறிப் புதைத்துக்கொண்டிருந்தோம். மதியம் அவர் வீட்டு ஆச்சி கொடுத்தனுப்பிய புளியோதரையைக் கரைமேல் இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்து உண்டோம். 2,500 ரூபாயில் இதுவும் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை.

மூட்டை கட்டும் நாளில் அவர் நேரில் வந்தார். இது சேவையில் சேர்ந்தது. நாங்கள் கூடத்தில் பரப்பி வைத்திருந்ததைச் சுற்றி வந்து, திருமண வீட்டுச் சாமான் பரப்பியதுபோல் இருக்கிறது என்றார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்கத் தொடங்கினார். கூரைமேல் கட்டவிருந்த கூடாரம், மடக்கு மேசை, இரண்டாவது எரிவாயு அடுப்பு, என் பெரிய கேமராப் பெட்டி. கூரையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்தும், குலுக்கல் சாலையில் கூரைச்சட்டத்தின் திருகுகளைத் தளர்த்தும் என்பது அவர் வாதம். ஆத்தா இரண்டு பெரிய டின்களில் சீப்புச் சீடையும் தேன்குழலும் மாவுருண்டையும் செய்து வைத்திருந்தார். அதில் ஒரு டின்னையும் ஓரமாக வைத்துவிட்டார். ஆத்தா முகம் சுருங்கியது. "ஆச்சி, ஒரு டின்னு போதும். அங்க பசியே எடுக்காது" என்று அவர் சொன்னதை அப்போது நாங்கள் நம்பவில்லை, ஹான்லேயில் நம்பினோம். குக்கரை மட்டும் வலியுறுத்தி வைக்கச் சொன்னார். 4,300 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாமல் அடம்பிடிக்கும். ஒட்டிய பிளாஸ்டிக் பொட்டலங்கள் எல்லாம் பலூன்போல் உப்பும் என்பதால் முறுக்குப் பொட்டலங்களில் ஊசியால் துளையிடச் சொன்னது வேடிக்கையாக இருந்தது. துளையிடாமல் விட்ட ஒன்று ஃபோட்டு லா கணவாய் ஏறும்போது பின்சீட்டில் வெடித்தது. 4,108 மீட்டரில் எல்லோரும் டயர் என்று நினைத்து இறங்கினோம்.

காரைக்குடியிலிருந்து திருச்சி, நாமக்கல் வழியாக 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போன மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கையேட்டிலும் அதற்கு அரைப்பக்கம்தான். சோஜி லா கணவாயைக் காலையிலேயே கடக்கச் சொன்னதும், பனி உருகி வரும் ஓடைகளை மதியத்துக்கு முன்பே தாண்டச் சொன்னதும் பயன்பட்டன. லேயில் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் வழியாகக் கட்டணம் கட்டி எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டுகளுக்கு, போதும் என்று அவர் குறித்த எண்ணிக்கையைவிட இருமடங்கு நகல்கள் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹான்லேயில் பெங்களூரின் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் நடத்தும் வானாய்வகம் இருக்கிறது. நம் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் அதே நிறுவனந்தான். அந்த வட்டாரம் இருள்வானக் காப்பகமாக 2022இல் அறிவிக்கப்பட்டது. இரவில் முகப்பு விளக்கைத் தாழ்த்தி ஓட்ட வேண்டும், அறை விளக்கு வெளியே தெரியாமல் திரை போட வேண்டும். கையேடு இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஏரிக்கரையிலும் சதுப்பிலும் சக்கரத் தடம் பதிக்கக் கூடாது என்பதை மூன்று பத்திகளில் எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு நூறு மில்லிமீட்டர் அளவே மழை பெறும் குளிர்ப்பாலையில் ஒருமுறை கிழிந்த புல்தரை ஆறப் பல ஆண்டுகள் ஆகும். கண்மாயில் ஆடியதை அங்கே ஆடாதீர்கள் என்று கண்டிப்பாகவே எழுதியிருந்தார். காட்டுக்கழுதைகளின் கூட்டம் ஒன்று வண்டிக்கு இணையாக ஓடியபோது, சாலையை விட்டு இறங்க என் கால் துடித்தது உண்மை.

இரண்டாம் நாள் காலை மைத்துனர் தலைவலியோடு எழுந்தார். காப்பி குடித்தார், வாந்தியெடுத்தார். அன்றுதான் உம்லிங் லா போக வேண்டிய நாள். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கையேட்டின் இருபத்திரண்டாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் நான்கு வரிகள் உண்டு. எவரேனும் தலைவலியோடு எழுந்தால் அன்று ஒருவரும் ஏறக் கூடாது. மதியத்துக்குள் தீராவிட்டால் இறங்க வேண்டும். நோயாளியைத் தனியே அனுப்பக் கூடாது. ஒற்றை வண்டி எதற்காகவும் கணவாய்க்குப் போகக் கூடாது. விரல்நுனியில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் எண் நன்றாக இருக்கிறதே என்று வாதாடாதீர்கள், எண்ணைவிட ஆளைப் பாருங்கள் என்று கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது.

பங்காளி அதைத்தான் வாதாடினார். தாரில் நாங்கள் இருவர் மட்டும் போய்விட்டு மாலைக்குள் வந்துவிடலாம் என்றார். கால்மணி நேரம் பேசினார். நான் பக்கத்தைத் திறந்து காட்டினேன். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெரியவர் எங்கள் நடுவில் வந்து நின்றது போலிருந்தது. நேருக்கு நேர் நான் மறுத்திருந்தால் அது சண்டையாகியிருக்கும்; அச்சிட்ட தாள் மறுத்ததால் அவருக்கும் ஒப்புக்கொள்ள வழி கிடைத்தது. மதியம் வரை பார்த்துவிட்டுச் சுமதாங்குக்கு இறங்கினோம். இறங்கிய இரவே மைத்துனர் சோறு கேட்டார். மறுநாள் லேயில் சோனம் நோர்பு மருத்துவமனையில் காட்டியபோது மருத்துவர் சோதித்துவிட்டு, இறங்கியது சரி, இனி மேலே ஏற வேண்டாம் என்றார். உம்லிங் லாவை நாங்கள் பார்க்கவில்லை.  பங்காளி லேயிலிருந்து மணாலி வரை என்னோடு பேசவே இல்லை.

அந்த இறக்க வழியில், காரூவை விட்டால் அடுத்த பெட்ரோல் பம்பு எங்களுக்குத் தாண்டி என்னும் ஊரில்தான் கிடைத்தது. எதிர்த்திசையில் வருபவர்களுக்கு அங்கே வைத்திருக்கும் பலகை, தாண்டியைத் தாண்டினால் 365 கிலோமீட்டருக்குப் பம்பு இல்லை என்று எச்சரிக்கிறது. உம்லிங் லாவுக்கென்று சுமந்த முப்பது லிட்டரில் பாதிக்கு மேல் செலவாகாமல் இருந்ததால் ஜிம்னிக்கு அங்கே கவலையே இல்லை.

நான்கு பேருக்கு ஏறத்தாழ ஒரு மாதப் பயணத்தில் இந்தச் சேவைக்கான செலவு மிகச் சிறியது. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் தயங்காமல் போகலாம். பெட்ரோல் வண்டிக்காரர்கள் எரிபொருள் கணக்கைத் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரியை வெளியே வேறொரு கடையில் சோதித்துவிட்டுப் போக வேண்டும். மே மாத இறுதிக்குள் பதிவு செய்துவிட்டால் பயிற்சிக்குக் கண்மாய் காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்துத் தருகிறார்.

திரும்பி வந்த மறுவாரம் பட்சணத்தோடு அவரைப் பார்க்கப் போனேன். செயற்கைக்கோள் கருவியைப் பற்றிச் சொன்னதும் என் கையேட்டை வாங்கிப் பதினான்காம் பக்கத்தில் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். அடுத்தவர்களுக்கென்று அச்சிட்டு மேசைமேல் அடுக்கி வைத்திருந்தவற்றில் அது அப்படியே இருந்தது. புதிதாக அச்சடிக்க நாளாகும் என்றார். பேனாவை வாங்கிக்கொண்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, பதினோரு பிரதிகளிலும் அந்த வரியை அடித்து, ஓரத்தில் "பின்கட்டண சிம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.